நகல் இல்லாத தவளைகள்

ஹப்சிகுடா
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, காலை 7.40

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த நிமிடம் நித்யாவின் கணினியில் உள்ள தவளைகள் 58. அவற்றில் நகல் உள்ளவை 0. இன்னும் வரைய வேண்டியவை 14. பதிப்பாசிரியர் பானு மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டிய நாள் செப்டம்பர் 5. அதற்கு 33 நாள் இருக்கிறது.

நலம் விசாரித்துவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் மகள் ஏழு மாதம். நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். நலம் எந்த அளவில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், வேறு வழி இல்லை. உங்கள் ஃபோனையும் அத்தையின் ஃபோனையும் நித்யாதான் எடுக்கிறாள். வரும் மெசேஜை அவள்தான் படிக்கிறாள். வளைகாப்பு அன்று வளையல் போட வந்த பெண்களை நாற்பது நிமிடம் நிற்க வைத்து நாம் இருவரும் வாதாடியதும், அன்று மாலை அவள் ரத்த அழுத்தம் 150க்கு 96 என்று காட்டியதும், டாக்டர் உஷா நம் இரண்டு பேரையும் அறைக்கு வெளியே அனுப்பியதும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நித்யா சொன்னது இதுதான்: "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க. பேக்கப்ங்கிற வார்த்தை என் காதுல விழக்கூடாது. பிரசன்னா, முடிச்சிட்டு அப்புறம் வா."

இன்றோடு 21 நாள். என் மனைவியை நான் பார்க்க வேண்டுமானால் ஒரு மென்பொருள் விஷயத்தில் உங்கள் சம்மதம் வேண்டும். இப்படி ஒரு நிலைமை வேறு எந்த மாப்பிள்ளைக்கும் வந்திருக்காது.

உங்கள் இரும்பு பீரோவில் 212 டிவிடிகளுக்கு எண் ஒட்டி, உறை போட்டு, படி படியாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து, "இது பேக்கப் இல்ல மாமா, கொலு" என்று அறுபது பேர் முன்னால் நான் சொன்னது தப்பு. அறுபது பேர் முன்னால் என்பதுதான் தப்பு. சொன்னது சரி.

நான் வேலை செய்வதே கம்பெனிகளின் தரவு அழியாமல் காக்கும் கருவிகளில். மே மாதத்திலிருந்து 17 மென்பொருள்களை 43 அளவுகோல்களில் ஒப்பிட்டு அட்டவணை போட்டிருக்கிறேன். முடிவு: பட்டியலில் 6ஆம் எண். ஒரு முறை நிறுவினால் போதும். நித்யா ஒரு கோட்டை மாற்றினாலும் அந்த மாற்றம் மட்டும் பூட்டப்பட்டு, நெட் வழியாக இரண்டு வேறு ஊர்களில் உள்ள சேமிப்பகங்களுக்குப் போய்விடும். யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இருபது நிமிட வேலை.

இது சாதாரணக் கணினி இல்லை, மாமா. இந்தத் தவளைப் புத்தகத்தின் அட்டையில்தான் முதல் முறையாக அவள் பெயர் வரப்போகிறது. செப்டம்பர் 5 தவறினால் வேறு ஓவியரை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் 58 தவளைகளை அவளால் மறுபடி வரைய முடியாது.

உங்கள் மாடியில் குடியிருக்கும் ராகவேந்திரா தினமும் நாச்சாரம் ஃபேக்டரிக்கு என் வீட்டு வழியாகத்தான் போகிறார். அவர் மூலம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

பிரசன்னா

*

காஞ்சன்பாக்
5.8.2025

பார்வை: தங்கள் 3.8.2025 கடிதம். திரு. ராகவேந்திரா மூலம் 4.8 மாலை 6.50க்குப் பெறப்பட்டது.
பொருள்: தவளைகளுக்கு நகல் எடுத்தல்.

மாப்பிள்ளை அவர்களுக்கு ஆசிகள்.

1. கொலு குறித்த தங்கள் விளக்கம் பதிவு செய்துகொள்ளப்பட்டது. அந்த அறுபது பேரில் மூவர் என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் ராமசுவாமி இப்போது ஃபோன் செய்தாலே, "என்ன சிவஞானம், சுண்டல் உண்டா?" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

2. முப்பத்து நான்கு வருடம் வாசலில் பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனவன் நான். எங்கள் பிரிவிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போனதில்லை. பெயர் தெரியாத இரண்டு ஊர்களுக்கு என் வீட்டிலிருந்து தினமும் தானாக ஏதோ போய்க்கொண்டிருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியாது. வெறும் தவளைதானே என்பீர்கள். இன்றைக்குத் தவளை.

3. தாங்கள் மே மாதம் முதல் ஒப்பிட்டு வருகிறீர்கள். 17 மென்பொருள், 43 அளவுகோல், ஆக 731 கட்டங்களை நிரப்பியிருக்கிறீர்கள். தங்கள் கடிதப்படியே, எடுக்கப்பட்ட நகல் 0. மேலும் விளக்கம் தேவையில்லை என நினைக்கிறேன்.

4. என் தரப்பில் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. டிவிடி எழுதும் கருவி ஜூலை 20 அன்று பழுதாகிவிட்டது. கோட்டி கடைத்தெரு முழுக்க அலைந்தும் மாற்று கிடைக்கவில்லை. ஆகவே தவளைகள் இன்னும் பீரோவுக்கு வரவில்லை.

5. 6ஆம் எண் மென்பொருள் தொழில்நுட்பக் குழுவின் முன் வைக்கப்பட்டது. குழுவில் நானும் உங்கள் அத்தையும் இருக்கிறோம். செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், அவள் பாஷையில் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "ஆடியில புதுசா எதுவும் நக்கோ, வேணாம்." விஞ்ஞானத்துக்கு ஆடி ஆவணி கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். அப்படியானால் பெண்ணுக்குக் கல்யாணத் தேதி பார்த்தபோது ஆடியை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டாள். ஆகவே ஆகஸ்ட் 16 வரை மென்பொருள் எதுவும் நிறுவப்படாது.

6. நித்யா நலம். அழுத்தம் 130க்கு 84. நேற்று, காரணம் எதுவும் சொல்லாமல், நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று என்னிடம் கேட்டாள். தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன். சமரசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிவஞானம்

*

ஹப்சிகுடா
8 ஆகஸ்ட், இரவு உணவுக்கு முன்

மாமா,

731 கட்டம் என்று கணக்குப் போட்டீர்கள். சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். அதற்காக எனக்குக் கோபம் வராமல் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 212 டிவிடிகளில் ஒன்றையாவது திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் எதுவும் தொலையவில்லை என்கிறீர்கள். யாரும் தேடாததால் தொலைந்தது தெரியவில்லை.

உங்கள் ஆட்சேபம் வெளியே போகக் கூடாது என்பது. ஒப்புக்கொள்கிறேன். 6ஆம் எண்ணை விட்டுவிடலாம். 11ஆம் எண் நெட்டைத் தொடாது. கணினியோடு சேர்த்து ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி வைத்தால், தினமும் ஒரு நேரத்தில் கணினியில் உள்ளதையெல்லாம் அப்படியே அந்த டிஸ்க்கில் நகல் எடுத்துவிடும். வீட்டுக்கு வெளியே ஒரு பைட் போகாது. டிஸ்க்கை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மென்பொருளையும் அதிலேயே போட்டிருக்கிறேன். இரண்டு முறை தட்டினால் நிறுவிக்கொள்ளும்.

ஆடி விஷயம்: இது தொடங்குவது இல்லை, ஒத்திகை என்று அத்தையிடம் சொல்லுங்கள். ஒத்திகைக்கு ஆடி தடை கிடையாது.

நான் சாப்பிடுகிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். மெஸ்ஸில் என்று சொல்ல வேண்டாம்.

பிரசன்னா

*

காஞ்சன்பாக்
11.8.2025

பார்வை: தங்கள் 8.8 கடிதமும், கருநிற வெளி டிஸ்க் ஒன்றும்.

மாப்பிள்ளை அவர்களுக்கு,

டிஸ்க் நல்ல நிலையில் பெறப்பட்டு, அதன் பின்புற எண்ணோடு பதிவேட்டில் ஏற்றப்பட்டது. திறந்தபோது அதில் அன்னிய நிரல் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் எந்தச் சேமிப்புப் பொருளையும் முதலில் முழுதாக அழித்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வக விதி. அதன்படி அழித்தேன். அழித்த பிறகுதான் அது தங்கள் 11ஆம் எண் என்று புரிந்தது. வருத்தம் இல்லை.

டிஸ்க் உபயோகமானது. பாராட்டுகிறேன். இன்று முதல் தினமும் காலை ஆறு மணிக்கு, நித்யா எழுமுன், என் கையாலேயே தவளைகளை அதில் நகல் எடுக்கிறேன். எடுத்ததும் ஒவ்வொரு கோப்பின் அளவையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறேன். சாட்சிக் கையெழுத்து உங்கள் அத்தை அலமு. தினமும் ஆறு மணிக்கு எழுப்பினால் பால் பொங்கிவிடுகிறது என்று இந்த மாதம் முழுமைக்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். இது விதிக்குப் புறம்பானது. இருந்தாலும் அவளிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

இன்றைய நிலை: தவளைகள் 61. நகல் 61. மென்பொருள் 0.

ஒத்திகை என்ற வாதத்தை அத்தை ஏற்கவில்லை.

தங்கள் கேள்விக்கு: ஆம், ஐந்து டிவிடிகளைத் திறந்து பார்த்தேன். மூன்று திறந்தன. இதை ராமசுவாமிக்குச் சொல்ல வேண்டாம்.

சிவஞானம்

*

ஹப்சிகுடா
19 ஆகஸ்ட், செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நீங்கள் செய்யும் முறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆவணி பிறந்துவிட்டது என்றாலும் மென்பொருள் பேச்சை நான் இனி எடுக்கப்போவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நகல் எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைக்காதீர்கள். எந்நேரமும் கணினியோடு செருகியே இருக்கட்டும். கழற்றிக் கழற்றி மாட்டினால் முனை தேய்ந்துவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை.

இவ்வளவு ஒத்துப்போயிருக்கிறேன். நான் எப்போது வரலாம் என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். நாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம் என்று சொல்லலாம் அல்லவா?

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் அன்புள்ள
பிரசன்னா

*

காஞ்சன்பாக்
22.8.2025, வெள்ளி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்கள் எனக்கு "உங்கள் அன்புள்ள" என்று எழுதுவது இதுவே முதல் முறை. உடம்பு சரியில்லையோ என்று அத்தை கேட்கிறாள்.

தங்கள் விருப்பப்படி டிஸ்க் செருகியே இருக்கிறது. ஆனால் அதில் குறை இருப்பதாகத் தோன்றுகிறது. 19ஆம் தேதி காலை பார்த்தபோது நான் வைத்திருந்த அடைவு, அதாவது ஃபோல்டர், முழுதாகக் காணோம். அதற்குப் பதிலாக நான் வைக்காத அன்னிய அடைவு ஒன்று இருந்தது. விதிப்படி மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி நகல் எடுத்தேன். 20 காலை பார்த்தால் டிஸ்க் காலி. மறுபடி எடுத்தேன். நேற்றும் காலி. இன்றும் காலி. நான் காலை 6.40க்குக் கையெழுத்திடும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்த நாள் ஒன்றும் இருப்பதில்லை. மலிவான சரக்கை வாங்கிவிட்டீர்களோ என்று சந்தேகிக்கிறேன். வேறு டிஸ்க் அனுப்பவும்.

இன்னொன்று. 18ஆம் தேதி மாலை, கணினி முன் யாருமே இல்லாதபோது நெட் பெட்டியின் விளக்கு நிற்காமல் மினுக்கியது. என் அனுபவத்தில் அது நல்ல அறிகுறி அல்ல. கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். லைன் போய்விட்டது, புகார் கொடுத்திருக்கிறேன் என்று நித்யாவிடம் சொல்லியிருக்கிறேன். பொய்தான்.

வருகை குறித்து: தங்கள் கடிதத்தை நம்பி அவளிடம் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் டிஸ்க் விவகாரம் தெளியட்டும்.

சிவஞானம்

*

ஹப்சிகுடா
26 ஆகஸ்ட், செவ்வாய், காலை 9.10

மாமா,

22ஆம் தேதி நீங்கள் எழுதியது இப்போதுதான் கிடைத்தது. ராகவேந்திரா சனிக்கிழமை காலையிலேயே கர்னூலுக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாராம். கடிதமும் அவர் பையிலேயே போய், சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

படித்ததும் உங்களுக்கு ஃபோன் செய்தேன். நித்யா எடுத்தாள். அப்பாவிடம் கொடு என்றேன். எதுக்கு என்றாள். சும்மா என்றேன். "சும்மாவுக்கு நீ எங்கப்பாகிட்ட பேசினதே இல்ல. பேக்கப்புன்னா வச்சுடு." வைத்துவிட்டேன்.

டிஸ்க்கில் குறை இல்லை. குறை என்னிடம். முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

கணினி நம் வீட்டில் இருந்தபோதே, தூரத்திலிருந்து இயக்க அதில் ஒரு வழி வைத்திருந்தேன். 18ஆம் தேதி, உங்களிடமும் கேட்காமல் அவளிடமும் கேட்காமல், அந்த வழியாக உள்ளே போய் 11ஆம் எண்ணை நிறுவினேன். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, அவள் தூங்கும் நேரத்தில், ஓடும்படி வைத்தேன். அன்று மதியமே "வெற்றி" என்று எனக்குத் தகவல் வந்தது. அந்தத் தெம்பில்தான் உங்களுக்கு அப்படி அடக்கமாக எழுதினேன். அந்த விளக்கு மினுக்கியதும் என்னால்தான். சரியாக ஓடியதா என்று மாலையில் மறுபடி உள்ளே வந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மென்பொருள் தனக்குத் தெரியாத எதையும் டிஸ்க்கில் வைத்திருக்காது. முதல் வேலையாக அழித்துவிடும். அப்படிச் செய் என்று நான்தான் குறி போட்டேன். அது அழித்தது உங்கள் நகலை. மறுநாள் காலை நீங்கள் அழித்தது என் நகலை. அன்று இரண்டு மணிக்கு அது வந்து, வழக்கம்போல உங்கள் நகலை அழித்துவிட்டு, தன் பழைய பதிவைத் தேடியிருக்கிறது. காணோம் என்றதும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் இதே கதை. உங்கள் நகலை அழிக்கிறது, தன்னுடையதைத் தேடுகிறது, நிற்கிறது. மதியம் இரண்டிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை அந்த டிஸ்க்கில் ஒரு தவளை கூட இல்லை.

எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், அந்த முதல் வெற்றிக்குப் பிறகு, கோளாறு வந்தால் மட்டும் தகவல் அனுப்பு என்று மாற்றி வைத்திருந்தேன். நீங்கள் கேபிளைப் பிடுங்கியதால் தகவல் வர வழியில்லை. தகவல் வராததை எல்லாம் சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவன் இப்படிச் செய்தால் நான் திட்டும் திட்டில் அவன் வேலையை விட்டுவிடுவான்.

இன்று நானே வரலாம். ஆனால் வேலை நாளில் நடு மதியத்தில் வந்து நின்றால் அவளுக்கு விஷயம் புரிந்துவிடும், அழுத்தம் ஏறும். மாலை ராகவேந்திரா இதைக் கொண்டுவருவார். வந்ததும் டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். எட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒன்பது மணி நேரத்தில் ஏதாவது ஆவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பிரசன்னா

*

காஞ்சன்பாக்
27.8.2025

பிரசன்னா,

உங்கள் கடிதம் நேற்று மாலை 6.20க்கு வந்தது. 3.50க்கு மழையில் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. நான்காவது தடவை கணினி எழவில்லை. டிஸ்க்கை என் பழைய கணினியில் மாட்டித் திறந்தேன். காலி. அப்போது எனக்குக் காரணம் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 26.8, காலை 6.40, தவளைகள் 67, நகல் 67, சரி. என் கையெழுத்து, அலமு கையெழுத்து. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மணி நேரம் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அத்தைதான், "கைக்கு, ஏன் இப்படி நடக்கிறீங்க, போய்ச் சொல்லுங்க" என்று தள்ளிவிட்டாள். சொன்னேன். உங்கள் கடிதங்களையும் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு மாதமாக மறைத்தது போதும் என்று தோன்றியது.

அவள் கத்தவில்லை. எல்லாக் கடிதத்தையும் தேதி வரிசையில் அடுக்கிப் படித்தாள். அத்தை கொடுத்த மோரைக் குடித்தாள். பிறகு சொன்னாள்: "ராகவேந்திரா அங்கிள் தினமும் வந்து ரெண்டு டீ குடிச்சிட்டுப் போறார். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சீங்களா அப்பா?"

அதன் பிறகு அவள் சொன்னது நம் இரண்டு பேருக்குமே தெரியாதது. ஒவ்வொரு தவளை முடிந்ததும், அச்சுக்குப் போகும் தரத்தில் அன்று மாலையே பானு அம்மாளுக்கு நெட்டில் அனுப்பிவிடுவாளாம். முதல் தவளையிலிருந்தே. நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா பிரசன்னா அதுக்கு ஒரு அட்டவணை போடுவான், நீங்க ஒரு ரிஜிஸ்டர் போடுவீங்க" என்றாள்.

ஆகவே 64 தவளைகள் பத்திரம். எனக்குக் கால் தரையில் பட்டது. அப்போதுதான் அவள் கேட்டாள்: "பதினெட்டாம் தேதிக்கப்புறம் நெட் இல்ல. லைன் கம்ப்ளெயிண்ட்னு சொன்னீங்க."

65, 66, 67. மூன்று தவளைகள். அவை எங்குமே இல்லை. உங்கள் மென்பொருள் மட்டும் காரணமில்லை. கேபிளைப் பிடுங்கியது நான்.

66ஐயும் 67ஐயும் வரைந்துவிடலாம் என்கிறாள், புகைப்படங்கள் பானு அம்மாளிடம் இருக்கின்றன. 65தான் அவளை அழ வைத்தது. மண்ணுக்குள் புதைந்து கிடந்து, நல்ல மழையில் மட்டும் வெளியே வரும் ஒரு தவளை. உருண்டையாக, பிசைந்து வைத்த பூரி மாவு உருண்டை மாதிரி இருக்கும். புத்தகத்துக்காக இரண்டு மழைக்காலம் தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. 19ஆம் தேதி மாலை மழையில் நம் கொல்லை மோட்டார் மேடை பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அலமு குடை பிடிக்க, ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து நேராகக் கணினியில் வரைந்தாள். ஃபோனை உள்ளே விட்டுவிட்டதால் போட்டோ எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்று தோன்றியதாம். "அது முதுகுல இருந்த புள்ளி இப்ப எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்றாள். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

இன்று பிள்ளையார் சதுர்த்தி. டாக்டர் உஷா காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அழுத்தம் 138க்கு 88. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்கிறார். எட்டுத் தவளை மீதி, ஒன்பது நாள்.

நித்யா சொன்ன நிபந்தனைகள்: கோடு அவள் வரைவாள். வண்ணம் நிரப்புவது நாம் இருவரும், அவள் சொல்லும் நிறத்தில், வாய் திறக்காமல். இதற்கு ஒப்புக்கொண்டு நீங்கள் எழுத்தில் கொடுத்தால் வரலாம். எழுத்தில்தான் வேண்டுமாம். "லெட்டர் எழுதறதுல ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கம் வந்துடுச்சே" என்றாள்.

வாருங்கள், மாப்பிள்ளை.

சிவஞானம்

*

ஹப்சிகுடா
28 ஆகஸ்ட், வியாழன், காலை 8.15

மாமா,

பண்டிகை என்றும் பாராமல் ராகவேந்திரா நேற்று மாலையே உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது பதிலுக்காகக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

கேபிளை நீங்கள் பிடுங்கியதற்குக் காரணம் நான் உள்ளே நுழைந்தது. ஆகவே மூன்றும் என் கணக்கு. இதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை என்று நான் எழுதியதை யாருக்கும் காட்டாதீர்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள்.

நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் சம்மதம். எழுத்தில் கொடுக்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. இன்று மாலையே வருகிறேன். செப்டம்பர் 5 வரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "தவளை" என்று எழுதினேன். மேனேஜர் அதற்கு மேல் கேட்கவில்லை.

2. என் மடிக்கணினியையும் அவள் வரையும் பலகையையும் முதலில் இணைத்துக் கொடுப்பேன். இறந்த கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றித் தரவு மீட்கும் கடையில் கொடுப்பேன். அவர்கள் மூன்று வாரம் கேட்கிறார்கள், கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. அதை நம்பி நாம் ஒரு நாளைக்கூட வீணாக்கப்போவதில்லை.

3. கேபிளை மாட்டுவேன். தூரத்திலிருந்து உள்ளே வரும் வழியை உங்கள் கண் முன்னால் அடைப்பேன்.

4. மென்பொருளை நித்யா தேர்ந்தெடுப்பாள். பட்டியலை நான் காட்ட மாட்டேன். அவள் ஒன்றும் வேண்டாம், பானு மேடத்துக்கு அனுப்புவதே போதும் என்றால், அதற்கும் வாய் திறக்க மாட்டேன்.

5. ராமசுவாமி சாருக்கு நானே ஃபோன் செய்து, கொலு என்று நான் சொன்னது தப்பு என்று சொல்வேன். அறுபது பேரையும் கூட்ட முடியாது. அவர் ஒருவருக்குச் சொன்னால் மற்றவர்களுக்குப் போய்விடும் என்று நினைக்கிறேன்.

6. 66, 67க்கு வயிற்றுப் பகுதியின் வெளிர் மஞ்சளை நான் நிரப்புகிறேன். கால் விரல்களை நீங்கள் பாருங்கள். உங்கள் கை என்னுடையதைவிட நிதானம்.

7. சனி ஞாயிறு மழை என்கிறார்கள். மாலை நான்கு மணிக்கே நீங்களும் நானும் ஆளுக்கொரு குடையோடு மோட்டார் மேடை பக்கம் போய் நிற்போம். அது வந்தால் தொட மாட்டோம், விரட்ட மாட்டோம், நமக்குள் பேசிக்கொள்ள மாட்டோம். நான் உள்ளே போய் அவளைக் கைப்பிடித்து மெதுவாக அழைத்து வருவேன். அவள் பார்க்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். வராவிட்டால் அடுத்த மழைக்கும் நிற்போம்.

பிரசன்னா